திருமணச் சான்றிதழில் பிழையென்றால் மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து திரும்பி வரவேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை, அடமானம் என்று நிலத்தைச் சுற்றியே ஓடிய பிழைப்பு இது. சில காலமாக வேறு வகைக் குடும்பங்களும் என் மேசையைத் தேடி வருகின்றன. மகளோ மகனோ வெளிநாட்டுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்திருப்பார்கள். விசா மனுவோடு வைக்கத் திருமணச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழும் கையில் இருக்கும். ஆனால் அதில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாது. "திருத்த வேண்டுமானால் இருவரும் நேரில் வரவேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒருவர் கடல் கடந்து போய்விட்ட பிறகு இருவரும் எப்படி நேரில் வருவது?

அப்படி வரவேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை மகளுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஊத்தங்கரையில் பிறந்தவள், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அங்கே இயந்திரம் நிறுவ வந்த அமெரிக்க இளைஞரை விரும்பினாள். நல்ல பிள்ளை. இரு வீட்டாரும் மனமொப்பிச் சம்மதித்தோம். அவர் கிறிஸ்தவர் என்பதால் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் பதிய முடியும். ஆகவே 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ், வேறோர் ஊரில் உள்ள பதிவு அலுவலகத்தில், திருமணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். 30 நாள் காத்திருப்பு முடிந்து, திருமண அலுவலர் முன்னிலையில் மூன்று சாட்சிகளோடு திருமணம் நடந்தது. நான் அன்று அங்கே இல்லை. மணமக்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய உறுதிமொழியைத் தங்களுக்குப் புரிந்த எந்த மொழியிலும் சொல்லலாம் என்கிறது அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. மாப்பிள்ளை அதைத் தமிழில்தான் சொல்வேன் என்று முன்கூட்டியே கற்றுக்கொண்டு வந்து சொன்னாராம். என் தங்கை இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போகிறாள்.

அவ்வளவு ஆசையோடு நடந்த கல்யாணத்தின் சான்றிதழ் எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்கர்களுக்கு முதற்பெயர், நடுப்பெயர், கடைசியில் குடும்பப்பெயர் என்று வரும். தட்டச்சு செய்தவர் நம் ஊர் வழக்கத்தில், கடைசியில் இருப்பது அப்பா பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போலும். மாப்பிள்ளையின் குடும்பப்பெயர் 'தந்தை பெயர்' என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் தந்தையின் உண்மையான பெயர் சான்றிதழில் எங்குமே இல்லை; மாப்பிள்ளைக்குக் குடும்பப்பெயரே இல்லை. பெண்ணின் பெயரோ பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை முழுமையாகச் சேர்த்து இருக்கிறது. சான்றிதழில் ஒற்றை இன்ஷியல் மட்டும். போதாததற்கு, ஆங்கிலத்தில் அவள் பெயரில் வரவேண்டிய ஒரு 'எச்' எழுத்தும் விழுந்துபோயிருந்தது. சாட்சிகளாகப் போன மூவரிடமும் கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் காட்டியிருக்கிறார்கள். போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். படித்துப் பார்க்க யாரும் கொடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றதாம்.

மாப்பிள்ளை ஊர் திரும்பி, மனைவியை அங்கே அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 என்ற மனுவை அமெரிக்கக் குடிவரவுத் துறைக்கு அனுப்பினார். அந்த மனுவுக்கு உயிர்நாடியே திருமணச் சான்றிதழ்தான். அங்கிருந்து கடிதம் வந்தது: சான்றிதழில் உள்ளவர்களும் மனுவில் உள்ளவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள். அவர்கள் கேட்டதில் தவறு காண முடியாது. நம் இன்ஷியல் முறை அவர்களுக்குத் தெரியாது. பொய்க் கல்யாணம் காட்டி விசா கேட்பவர்களையும் அவர்கள் வடிகட்ட வேண்டியிருக்கிறது.

தங்கை சான்றிதழை எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். கணினியில் திருத்த வழியில்லை என்றார் ஒருவர். மாப்பிள்ளை வராமல் நடக்காது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை: "பேசாமல் இன்னொரு தடவை கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுங்கள்." ஒரே தம்பதிக்கு இரண்டு கல்யாணத் தேதியா? முதல் தேதியைச் சொல்லி மனு கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது தேதியோடு ஒரு சான்றிதழ் போனால் விசா அதிகாரி எதை நம்புவார்? உதவி செய்கிற நினைப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடிய யோசனை அது.

விஷயம் என் காதுக்கு எட்டியபோது நான் சட்டப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தேன். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 49ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. திருமணச் சான்றுப் புத்தகத்தில் உள்ள பதிவில், வடிவத்திலோ பொருளிலோ, பிழை இருப்பதைத் திருமண அலுவலர் கண்டால், கண்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் அவரே திருத்தலாம். மணமக்கள் முன்னிலையில் திருத்த வேண்டும். அவர்கள் இறந்துவிட்டாலோ, நேரில் இல்லாவிட்டாலோ நம்பத்தகுந்த வேறு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் திருத்தலாம். மூலப் பதிவை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட வேண்டும். சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். சான்றிதழிலும் அதேபோல் ஓரக்குறிப்பு இட வேண்டும்.

நேரில் இல்லாவிட்டாலோ என்ற அந்தச் சில சொற்களுக்குள் என் தங்கை மகளின் பிரச்சினை முழுவதும் அடங்கிவிடுகிறது. 70 ஆண்டுகளுக்கு முன்பே, கணவனோ மனைவியோ எட்டாத இடத்தில் இருக்கக்கூடும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். இன்று அதே சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் அலுவலகங்கள் அமெரிக்காவிலிருந்து ஆளை வரச் சொல்கின்றன.

பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்தேன். அதற்குள் அங்கே புதிய அலுவலர் பொறுப்பேற்றிருந்தார். வயதில் இளையவர். மனுவைப் படித்தார், அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார். பிழை தன் கண்ணில் பட்டது இன்றுதான் என்று தேதியோடு குறித்துக்கொண்டார். இரண்டு பாஸ்போர்ட் நகல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். நானும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் சாட்சிக் கையெழுத்து போட்டோம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அலுவலருக்கு இந்தக் கடிதத்தின் வழியாகவும் நன்றி சொல்கிறேன். ஆனால் நல்ல மனசுள்ள ஓர் அலுவலர் வாய்க்கும்வரை மக்கள் காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

என் தொழிலில் கிரயப் பத்திரம் எழுதினால் செக்குபந்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். கிழக்கே யாருடைய காடு, மேற்கே எந்த ஓடை, வடக்கே வண்டிப்பாதை எத்தனை அடி என்று விற்பவரும் வாங்குபவரும் தலையாட்டிய பிறகுதான் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் என்று போடு" என்று திருத்தம் சொல்வாள். அரை ஏக்கர் மானாவாரி நிலத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை ஒரு கல்யாணத்துக்கு ஏன் காட்டுவதில்லை? திருமணச் சான்றிதழை இறுதியாக அச்சிடுவதற்கு முன் ஒரு வரைவுத் தாளைக் கொடுங்கள். மணமக்கள் பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ பக்கத்தில் வைத்துப் படித்து, சரி என்று கையொப்பமிட்ட பிறகு இறுதி நகலை எடுங்கள். கூடுதல் செலவு ஒரு தாள்.

விசா மனுவுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சான்றிதழ் ஒருமுறை காட்டிவிட்டு மடித்து வைக்கும் காகிதம் அல்ல. ஐ-130 மனுவில் அது வேண்டும். மனு ஏற்கப்பட்ட பிறகு அமெரிக்காவின் தேசிய விசா மையம் கேட்கும் ஆவணங்களில் மீண்டும் வேண்டும். மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்காணலுக்குப் போகும்போது மூலச் சான்றிதழையே கொண்டுபோக வேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் அந்நாட்டுக்குள் நுழைந்தால் முதலில் நிபந்தனையோடு கூடிய இரண்டாண்டு வசிப்புரிமைதான் கிடைக்கும். அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும்போதும் அதே கல்யாணத்தைத்தான் நிரூபிக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழை இத்தனை மேசைகளுக்கும் கூடவே போகிறது.

பெயர்ப் பிழையைவிடப் பெரிய சிக்கல் ஒன்றையும் பார்க்கிறேன். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். மகள் வெளிநாட்டவரைக் கோயிலில் மணந்திருக்கிறாள். தாலி கட்டிய படம், கோயில் ரசீது, பத்திரிகை எல்லாம் பையில் இருந்தன. மாப்பிள்ளை இந்து அல்லர் என்பதால் இந்துத் திருமணச் சட்டத்தில் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னது சரி. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. வேறு முறையில் நடந்த திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆவது பிரிவில் பதிய வழி இருக்கிறது. அதற்கு இருவரும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், சடங்கு நடந்தது முதல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முன் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். அதற்கும் மேல் 30 நாள் நோட்டீஸ். சொற்ப நாள் விடுப்பில் வந்த மாப்பிள்ளைக்கு இது எப்படி முடியும்? மாறாக, அலுவலர் முன்னிலையில் திருமணம் செய்ய 5ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்தால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருந்தாலே போதும். பெண் இங்கேயே இருப்பதால் அது எளிது. நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகும் என்பதையும் கணக்கில் வைத்து விடுப்பும் டிக்கெட்டும் போட வேண்டும். தாலி கட்டுவதை அதன் பிறகு எந்த நல்ல நாளில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இந்த வரிசை அந்தத் தாய்க்கு முன்பே தெரிந்திருந்தால் அவர் என் மேசை முன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

நோட்டீஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணமக்கள் பெயரும் முகவரியும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படுவது எங்கள் மாவட்டத்தில் சிறிய விஷயம் அல்ல. 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நாயக்கன்கொட்டாய் பகுதியில் வீடுகள் எரிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். பலகையில் ஒட்டிய தாளை யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்புவதை அலுவலர்கள் தடுக்க வேண்டும். சட்டம் கேட்பது அறிவிப்பை. ஊரைக் கூட்டுவதை அல்ல.

மணமாகாதவர் என்று அமெரிக்க அரசிடமிருந்தே சான்று வாங்கி வாருங்கள் என்று சில இடங்களில் கேட்கிறார்கள். அமெரிக்க அரசு அப்படி ஒரு சான்று வழங்குவதில்லை. அந்நாட்டுக் குடிமகன் தான் மணம் செய்யத் தடையில்லாதவன் என்று தானே உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையொப்பமிடலாம். முன்பு மணமுறிவு ஆனவர் என்றால் அந்தத் தீர்ப்பின் நகலும் வேண்டும்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9 அன்று. அதற்கு முன் ஓசூரில் பிறந்தாலும் ஊத்தங்கரையில் பிறந்தாலும் பழைய பதிவேட்டில் தருமபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். 1965 அக்டோபர் 2க்கு முன் பிறந்த பெரியவர்களுக்கு அதுவே சேலம் மாவட்டம். பாஸ்போர்ட்டில் கிருஷ்ணகிரி என்றும் பிறப்புச் சான்றிதழில் தருமபுரி என்றும் இருப்பதைப் பார்த்து என் தங்கை மகள் நடுங்கிப்போனாள். மாவட்டம் பிரிந்த விவரத்தைச் சொல்லும் விளக்கக் கடிதம் ஒன்றை இணைத்தோம். அதன் பிறகு அதுபற்றி யாரும் கேட்கவில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, பெயரே இல்லாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும் பிறப்புச் சான்றிதழ். எங்கள் கிராமங்களில் அது ஏராளம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே எடுத்துப் பாருங்கள். பிறப்பே பதிவாகாமல் போயிருந்தால், பதிவு இல்லை என்ற சான்றை உரிய அலுவலகத்தில் பெற்று, பிறப்பை அறிந்த பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றையும் சேர்த்து வைக்கலாம்.

இடைத்தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக அரசு இடும் முத்திரை, இல்லாவிட்டால் அமெரிக்க மனு திரும்பி வந்துவிடும் என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். சில நாடுகள் அதைக் கேட்கும். அமெரிக்கக் குடிவரவு மனுவுக்கு அது தேவையில்லை. தமிழில் உள்ள ஆவணத்துக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்; இரு மொழியும் தெரிந்தவர், இது முழுமையானது, பிழையற்றது, எனக்கு மொழிபெயர்க்கும் தகுதி உண்டு என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவ்வளவுதான். அதேபோல், மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தால்தான் விசா என்பதும் கட்டுக்கதை. பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இந்தத் தரகர்களிடம் போகிறவர்கள் எல்லாரும் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டுகிறவர்கள். அவர்களிடம் இல்லாத தேவையைச் சொல்லிக் காசு வாங்குவது பாவம்.

எங்கள் மாவட்டப் பதிவு அலுவலகங்களில் வேலை செய்பவர்கள்மேல் எனக்குப் பகை கிடையாது. அவர்களோடுதான் என் நாள் கழிகிறது. பத்திரக் கூட்டத்துக்கு நடுவே கல்யாணப் பதிவும் அவர்கள் தலையில் விழுகிறது என்பதை நான் அறிவேன். இளவயதுத் திருமணம் பற்றிய கவலை அதிகமுள்ள மாவட்டங்கள் என்பதால் வயதுச் சான்றில் அவர்கள் காட்டும் கண்டிப்பு மிகவும் சரி. அந்தக் கண்டிப்பில் ஒரு பங்கைப் பெயர் எழுதுவதிலும் காட்டட்டும் என்றுதான் கேட்கிறேன்.

பதிவுத்துறைத் தலைவர் தமது அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். 49ஆவது பிரிவின்படி திருத்தம் செய்ய வெளிநாட்டில் இருக்கும் கணவனையோ மனைவியையோ நேரில் வரச் சொல்லக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். அந்தப் பிரிவுக்கு ஏற்ற வழியைக் கணினியிலும் திறந்துவிட வேண்டும். வரைவுத் தாளைப் படிக்கக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். எந்தத் திருமணத்துக்கு எந்தச் சட்டம் என்பதைத் தமிழில் அச்சிட்டு அலுவலக வாசலில் வைக்க வேண்டும். அதுவரை, சான்றிதழ் பிழையோடு கையில் இருப்பவர்கள் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். இரண்டு பாஸ்போர்ட்டுகளின் நகலையும் எடுத்துக்கொண்டு, உங்களை நன்கு அறிந்த இரண்டு பேரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்திர எழுத்தர்,
தருமபுரி மாவட்டம்.